உழவும் அரசின் உதவியும்

உழுதொழில் ஏனைய தொழில்களைப் போன்றதன்று. நெசவாளர் தறியை நம்பியும் தச்சர் உளியை நம்பியும் வாழ்வர். உழவரோ தம் கைக்கு அடங்காத வானத்தையும், தாம் விலை கூற இயலாத சந்தையையும் நம்பி வாழ்பவர். ஓராண்டு மழை பொய்த்துவிடின், அடுத்த பயிருக்குரிய முதல் அவர் கையில் இராது. ஆயினும் அவர் விளைத்தாலன்றி நாட்டில் எவர்க்கும் உணவில்லை. ஆதலின் உழவர் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்வது, நாடு தன் உணவுக்குத் தானே செய்துகொள்ளும் காப்பாகும்.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. நிலம் தாழ்ந்துள்ள இடங்களில் நீர்நிலைகளை அமைக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்தியதைப் புறநானூற்றில் காண்கிறோம். அந்நூலிலேயே வெள்ளைக்குடி நாகனார் என்னும் புலவர், சோழன் கிள்ளிவளவனைப் பாடித் தம் நிலத்திற்குரிய பழைய வரிக்கடனை நீக்கிக்கொண்ட செய்தியும் உள்ளது. தம் குறையை உரிய இடத்தில் உரிய முறையில் எடுத்துரைத்தமையால் அவர் பயன் பெற்றார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1883, 1884 ஆம் ஆண்டுகளில் இயற்றப்பெற்ற இரு சட்டங்களின்படி, கிணறு வெட்டவும் விதையும் மாடும் வாங்கவும் அரசாங்கம் பணம் கொடுத்தது. இது 'தக்காவி' எனப்பட்டது. ஆயின் இது கடனே. வட்டியோடு திருப்பிச் செலுத்தவேண்டுவது. இன்று நாம் 'மானியம்' என்பது கடனின் வேறானது. முற்காலத்தில் வரியின்றியோ குறைந்த வரிக்கோ விடப்பட்ட நிலத்தை அச்சொல் குறித்தது. இப்பொழுது ஒரு பணியின் செலவில் அரசு ஏற்கும் பங்கினைக் குறிக்கின்றது. முறைப்படி செலவிட்டால் அதனைத் திருப்பித் தரவேண்டுவதில்லை.

நம் அரசியலமைப்பில் வேளாண்மை மாநிலப் பட்டியலில் அமைந்துள்ளது. ஆகவே ஒன்றிய அரசு வகுக்கும் திட்டங்களும் பெரும்பாலும் மாநிலத் துறைகளின் வழியாகவே உழவரை அடைகின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டு 14 ஆம் நாள், வேளாண்மைக்கென முதன்முறையாகத் தனி நிதிநிலை அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பெற்றது.

மாநில அரசின் பங்கு எத்துணைப் பயன் தருவது என்பதற்குச் சொட்டுநீர்ப் பாசனம் நல்ல சான்று. ஒன்றிய அரசின் விதிப்படி, இதற்கென வரையறுத்த செலவில் சிறு குறு உழவர்க்கு நூற்றுக்கு 55 பங்கும், ஏனையோர்க்கு 45 பங்கும் மானியமாகும். தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து மேலும் சேர்த்து, சிறு குறு உழவர்க்கு 100 பங்காகவும், ஏனையோர்க்கு 75 பங்காகவும் அதனை உயர்த்தி வழங்குகின்றது. இரண்டரை ஏக்கர் வரை நிலமுடையவர் குறு உழவர். அதற்குமேல் ஐந்து ஏக்கர் வரை உடையவர் சிறு உழவர்.

மூன்று ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உடைய உழவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கோடையில் கிணற்று நீர் அடிமட்டத்திற்கு இறங்கிவிடுகின்றது. வாய்க்காலில் விட்டால் அந்நீர் அரை ஏக்கர்க் கத்தரிக்கும் போதவில்லை. குழாய்வழியே வேருக்கு மட்டும் சொட்டவிட்டால் அதே நீர் மிகுதியான பரப்பிற்குப் பாயும். இவர் எங்குச் செல்லவேண்டும்? காய், கனி, மலர்ப் பயிர்களுக்குத் தோட்டக்கலைத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்திற்கும், நெல், பயறு, கரும்பு முதலியவற்றிற்கு வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திற்கும் செல்லவேண்டும். இவை வட்டார அளவில் உள்ளன. உழவு எந்திரம், சூரிய ஆற்றலால் இயங்கும் பம்பு முதலியவற்றிற்கு வேளாண்மைப் பொறியியல் துறையை நாடவேண்டும். 2018 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'உழவன்' செயலியில், கைப்பேசி வாயிலாகவே திட்டங்களை அறிந்து பதிவும் செய்யலாம்.

விண்ணப்பத்திற்குத் துணையாவன ஆவணங்கள். நிலம் யாருடையது, எவ்வளவு என்பதைச் சிட்டா கூறும். அந்நிலத்தில் என்ன பயிர் நிற்கின்றது என்பதை அடங்கல் கூறும். நிலத்தின் வடிவையும் அளவையும் புலப்படம் காட்டும். சிறு குறு உழவர் என்பதற்கு வட்டாட்சியர் சான்று வழங்குவார். இவற்றோடு ஆதார் அட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகமும் வேண்டும்.

நாம் கூறிய உழவர் இங்கேதான் இடர்ப்படுகின்றார். நிலத்தை முப்பதாண்டுகளாக உழுபவர் அவரே. பட்டாவோ மறைந்த அவர் பாட்டனார் பெயரில் இருக்கின்றது. உடன்பிறந்தார்க்குள் பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்ததேயன்றிப் பதிவு செய்யப்பெறவில்லை. பயிரைக் காணும் அலுவலர் அவர் உழைப்பை அறிவார். ஆயினும் தாள் அதனை அறியாது. அவர் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் பெற்று, பிரிவினையைப் பதிவு செய்து, பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிய பின்னரே விண்ணப்பிக்க இயலும். அதற்குள் அவ்வாண்டிற்கு ஒதுக்கிய நிதி தீர்ந்துபோதலும் உண்டு. முதற்கண் உதவி பெறவேண்டிய எளியவர் பலர் இவ்வாறே பின்தங்கிவிடுகின்றனர். வறட்சி வந்தபின் ஏரியைத் தூர்வாருவதிற் பயனில்லை. திட்டம் வந்தபின் பட்டாவைத் தேடுதலும் அத்தகையதே.

விண்ணப்பிப்போர் கருதவேண்டிய செய்திகள் வேறு சிலவும் உள. பின்னேற்பு மானியம் எனப்படுவதில், முழுச் செலவையும் உழவர் முதலிற் செய்யவேண்டும். ஆய்வு முடிந்த பின்னரே அரசின் பங்கு வங்கிக் கணக்கிற்கு வரும். ஆதலின் முதற்பணத்திற்கு வழி உண்டா என்று முன்னரே எண்ணவேண்டும். ஒப்புதல் ஆணை பெறுமுன் கருவியை வாங்கிவிட்டு, மானியம் கிட்டாது வருந்துவோரும் உளர். விவரம் எழுதாத வெற்றுத் தாளில் எவர் கேட்பினும் கையொப்பம் இடலாகாது.

மற்றொன்றும் உண்டு. பாதி விலைக்குக் கிடைக்கின்றது என்பதற்காக வேண்டாத எந்திரத்தை வாங்குபவர், மறுபாதியை வீணாக்குகின்றார். 'என் நிலத்திற்கு எது தேவை?' என்ற வினா முதலிலும், 'அதற்கு மானியம் உண்டா?' என்ற வினா அடுத்தும் எழவேண்டும். மானியத்திற் பெற்ற குழாய்களை விற்றுவிடுவதும், பொய்ச் சான்று காட்டிப் பணம் பெறுவதும் பிறர் பங்கைக் கவர்தலாகும். அரசின் கருவூலத்தில் உள்ளது நாம் அனைவரும் வரியாகச் செலுத்திய பொருளே.

மாணவர்களே! உங்களுள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். கலப்பை பிடித்துக் காய்த்த கைகளுக்கு விண்ணப்பத் தாள் அச்சம் தருவதாக இருக்கலாம். நீங்கள் கற்ற எழுத்து அங்கே துணைநிற்கட்டும். வீட்டுப் பெட்டியில் உள்ள பட்டாவை எடுத்துப் படித்துப் பாருங்கள். அது யார் பெயரில் உள்ளது, புல எண் என்ன, பரப்பு எவ்வளவு என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிழை இருப்பின் பெற்றோரிடம் கூறுங்கள். ஊருக்கு வரும் அறிவிப்பைப் படித்து, எழுதப்படிக்க அறியாத அண்டை வீட்டார்க்கும் பொருள் விளக்குங்கள். வெள்ளைக்குடி நாகனார்க்குப் புலமை உதவியது. உங்கள் ஊரார்க்கு உங்கள் கல்வி உதவுவதாகுக.

வினாக்கள்

1. தக்காவிக்கும் மானியத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. சொட்டுநீர்ப் பாசனத்திற்கு ஒன்றிய அரசின் விதிப்படி அமையும் பங்கையும், தமிழ்நாட்டு உழவர் பெறும் பங்கையும் ஒப்பிட்டு எழுதுக.
3. சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகியவை அறிவிக்கும் செய்திகள் யாவை?
4. மூன்று ஏக்கர் உழவர் இடர்ப்பட்டதன் காரணத்தையும், அதனை நீக்கும் வழியையும் விளக்குக.
5. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர்க்குச் சொட்டுநீர்ப் பாசன மானியம் வேண்டி ஒரு விண்ணப்பம் வரைக.