வாப்பா தடுத்த கூட்டாளி

அன்பு மகனுக்கு,

"அவனோடு சேராதே என்று வாப்பா ஒரே ஏச்சு. நான் என்ன பிழை செய்தேன் சாச்சா?" என்று எழுதியிருந்தாய். நீ பிழை செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் வாப்பாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

கற்பிட்டிக் கரையில் கேரளக் கஞ்சா பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. 'ஐஸ்' போதைப்பொருள் பழகிப் பழுதாய்ப் போன பிள்ளைகளின் கதைகளும் அவர் காதில் விழுகின்றன. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது அவர் உன்னைவிடச் சின்னவர். ஆலங்குடா முகாமில் ஓலைக் கொட்டிலில்தான் வளர்ந்தார். பெரியவர்கள் விடியமுன் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். பகல் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டது கூட்டாளிமார்தான். அவருக்கு நல்லவர்கள் வாய்த்தார்கள். அதே முகாமில் எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. அதைக் கண்ணால் கண்டவர் பயப்படாமல் என்ன செய்வார்?

கூட்டாளி எப்படி ஒருவனைக் கெடுக்கிறான்? மஃரிபுக்குப் பிறகு கடற்கரையில் கூடும் பொடியன்களைக் கவனித்துப் பார். ஒருவன் சேரை எதிர்த்துப் பேசிய கதையைச் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். அடுத்தவன் அதைவிடப் பெரிய கதையோடு வருவான். ஒன்றுமே செய்யாத மூன்றாமவனும் சும்மா இருக்க முடியாமல் ஒன்றைக் கட்டிச் சொல்வான். பிறகு அந்தக் கதைக்கு ஏற்ற மாதிரி நடந்துகாட்ட வேண்டிய நிலைமை அவனுக்கு. கெட்டதைச் செய் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை, பார். சிரிப்பே போதுமாய் இருந்தது.

அமெரிக்காவில் தோமஸ் டிஷியன் என்ற உளவியலாளர் இதையே ஆராய்ந்தார். 13, 14 வயதுப் பையன்களைக் கூட்டாளியோடு கதைக்கவிட்டு வீடியோ எடுத்தார். ஒழுங்கு மீறிய பேச்சுக்கு மாறி மாறிச் சிரித்துக்கொண்ட சோடிகள், பின்னாட்களில் போதைப்பொருள் பக்கம் கூடுதலாகச் சாய்ந்ததை 1990களில் எழுதினார். 2005இல் கார்ட்னரும் ஸ்டைன்பேர்க்கும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டொன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். கூட்டாளிமார் பக்கத்தில் இருந்தபோது உன் வயதுப் பிள்ளைகள் தனியே ஓட்டியதைவிட எவ்வளவோ துணிந்து ஓட்டினார்கள். வளர்ந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆகவே கூட்டத்துக்குள் உன் புத்தி தடுமாறினால் அது உன் குணக்கேடல்ல, உன் வயது. அதைத் தெரிந்து வைத்திருப்பது உனக்கு நல்லது.

இனி வாப்பாவின் பக்கம். இதை அவருக்கும் சொல்லிவிட்டேன். நெதர்லாந்தில் 2012இல் வந்த ஓர் ஆய்வில், தாய் தகப்பன் கூட்டாளிமாரைத் தடுக்கத் தடுக்கப் பிள்ளைகள் பிழையான கூட்டாளிமாரிடமே கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. சுவீடனில் ஸ்டாட்டினும் கெர்ரும் 14 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2000இல் எழுதியது இன்னும் முக்கியமானது. பிள்ளை எங்கே போகிறது, யாரோடு திரிகிறது என்று பெற்றோருக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் பிள்ளை தானாக வந்து சொன்னதுதானாம். துருவிக் கேட்டும் கட்டுப்பாடு போட்டும் அறிந்தது அதைவிடக் குறைவு.

சொன்னதற்கு ஏச்சு விழுந்தால் எந்தப் பிள்ளைதான் மறுபடி சொல்லும்? வீட்டில் வாய் மூடிய பிள்ளைக்கு மிஞ்சுவது கடற்கரைச் சிரிப்பு மட்டும்தான். வீடு ஒரு பக்கம், கூட்டாளி ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் எதையும் சொல்லலாம் என்றிருக்கும் பிள்ளைமேல் கூட்டாளியின் பிடி அவ்வளவாக இறுகாது.

அதனால் வாப்பாவிடம் ஒன்று கேட்டிருக்கிறேன்: நீ கதைக்கத் தொடங்கினால் முடியும்வரை அவர் குறுக்கே பேசக்கூடாது. சரி என்றார். உன்னிடம் கேட்பது, அவர் கேட்குமுன்பே சொல்: எங்கே, யாரோடு, இஷாவுக்குமுன் வருவாயா என்று. உன் கூட்டாளியையும் ஒருதரம் சோதித்துப் பார். அவன் கூப்பிடும் ஒன்றுக்கு "நான் வரல்ல" என்று சொல். "சரி, நாளைக்குப் பார்ப்பம்" என்கிறானா, எல்லார் முன்னாலும் உன்னைக் கேலி செய்கிறானா? கேலி செய்தால் அவனை விட்டு விலகத்தான் வேண்டும். வாப்பா சொன்னதற்காக அல்ல, நீயே பார்த்துத் தெரிந்துகொண்டதற்காக.

வீட்டில் சொல்லவே முடியாத ஏதும் நடந்தால் எனக்குக் கோல் எடு. நானும் கிடைக்காவிட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவனையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா. சாச்சி மீன் ஆணம் ஆக்குவா. வாப்பாவையும் வரச்சொல்லியிருக்கிறேன். அவன் யாருடைய பிள்ளை, என்ன படிக்கிறான் என்று அவர் அவனிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

உன் சாச்சா