தீயின் போக்கைக் கணித்த பொறி

எரிந்தடங்கிய இடத்தில் எஞ்சி நிற்பன சாம்பலும் கரியுமே. தீ எங்கே தோன்றிற்று, எவ்வழிச் சென்றது, எதனால் விரைந்தது என்பவற்றை உரைக்கவேண்டிய சான்றுகளுள் பலவற்றை அத்தீயே தின்றுவிடுகின்றது. ஆகவே தீ விபத்தை ஆராய்வோர், கள்வன் தன் அடிச்சுவட்டை அழித்துச் சென்ற வீட்டில் தடம் தேடும் காவலரை ஒப்பர். இத்தகைய ஆராய்ச்சியில் கணிப்பொறி பெருந்துணை புரிந்த நிகழ்ச்சி ஒன்று இலண்டன் மாநகரில் உண்டு.

அந்நகரில் 'கிங்ஸ் கிராஸ்' என்பது மக்கள் நெரிசல் மிக்க நிலத்தடி இரயில் நிலையம். ஆழத்திலுள்ள நடைமேடையிலிருந்து மேலே பயணச்சீட்டு மண்டபத்திற்கு வர, மரத்தாலான நகரும் படிக்கட்டுகள் அக்காலத்தில் இருந்தன. 1987ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் மாலை 7.30 மணியளவில், அவற்றுள் ஒன்றின் அடியில் தீ எரிவதைப் பயணி ஒருவர் கண்டார். தீயணைப்பு வீரர் வந்து நோக்கியபோது, அஃது ஓர் அட்டைப்பெட்டி எரியும் அளவினதாகவே தோன்றிற்று. அஞ்சத்தக்கது என்று எவரும் எண்ணவில்லை. ஆயின், 7.45 மணிக்குத் தீ திடீரெனப் பொங்கி எழுந்து மண்டபத்தினுள் பாய்ந்தது. உயிர் நீத்தோர் 31 பேர். பிறரைக் காக்கச் சென்ற தீயணைப்பு அதிகாரி காலின் டவுன்ஸ்லியும் அவருள் ஒருவர்.

தீயின் பிறப்பை அறிதல் அத்துணை அரிதாக இல்லை. எரியும் தீக்குச்சி ஒன்று படிக்கட்டின் ஓர இடுக்கில் விழுந்து, அடியில் பல்லாண்டுகளாகத் தேங்கியிருந்த மசகிலும் தூசியிலும் பற்றியது என விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. சிறு தீ சில நிமிடத்திற்குள் பெருந்தீயானது எவ்வாறு என்பதே விளங்காத புதிராயிற்று. கூரையில் அடுக்கடுக்காகப் பூசப்பட்டிருந்த வண்ணத்தின்மீது சிலர் ஐயங்கொண்டனர்.

ஹார்வெல் என்னும் ஊரிலுள்ள அணு ஆற்றல் ஆய்வுக்கூடத்தினர் இப்புதிரைக் கணிப்பொறியிடம் விடுத்தனர். அதன் முறை இது: நிலையத்தின் வடிவத்தையும் படிக்கட்டின் சாய்வையும் எண்களாக்கி, உள்ளிருக்கும் வெளி முழுவதையும் சதுரங்கப் பலகைபோலச் சிறு சிறு கட்டங்களாகப் பகுப்பர். ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகம், அழுத்தம், வெப்பம் ஆகியன நொடிக்கு நொடி எவ்வாறு மாறும் என்பதை இயற்பியல் விதிகளின்படி பொறி கணக்கிடும். மனிதர் கையால் போட்டால் ஆயுள் போதாத கணக்கு அது!

வந்த விடையோ வியப்பிற்குரியது. தீயின் இயல்பு மேலெழுதல் அன்றோ? ஆனால் சுடர், கூரையை நோக்கி எழாமல், படிகளின்மேல் படுத்து, இருபுறக் கைப்பிடிச் சுவர்களுக்கு இடையே மேல்நோக்கி ஊர்ந்து செல்வதாகக் கணிப்பொறி காட்டிற்று. கணக்கில் பிழை புகுந்திருக்கும் என்றே முதலில் பலரும் கருதினர். ஐயத்தைத் தீர்க்க, மூன்றில் ஒரு பங்கு அளவில் மரப்படிக்கட்டு ஒன்று பக்ஸ்டன் நகரையடுத்த ஆய்வுக்களத்தில் அமைக்கப்பட்டது. அதில் தீ மூட்டினர். கணிப்பொறி சொன்னவாறே சுடர் படுத்தது. மேற்படிகள் சூடேறி ஆவிவிட்டு, ஒருங்கே பற்றின. படிக்கட்டின் தலைப்பிலிருந்து தீ பீறிட்டது.

படிக்கட்டின் சாய்வு ஏறத்தாழ 30 பாகை. பக்கச் சுவர்கள் தடுத்தமையால், தீக்கு வேண்டிய காற்றுப் பக்கங்களிலிருந்து தாராளமாகப் புக இயலவில்லை. கீழிருந்து ஏறிவந்த காற்றே சுடரைப் படிகளோடு சாய்த்தது. அகழி போன்ற பள்ளத்தில் நிகழ்வதால் இதனை 'அகழி விளைவு' என்பர். இஃது அறியப்பட்டபின், கூரை வண்ணமே முதற்காரணம் என்னும் கருத்துத் தளர்ந்தது.

இந்நாளில் இத்தகைய கணிப்பு முறைகள் பல நாடுகளில் வழங்குகின்றன. அமெரிக்க நாட்டின் தரநிர்ணய நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பு நிரல் அவற்றுள் பெயர் பெற்றது. எனினும் பொறிக்கு உண்மை தெரியாது. கொடுத்த எண்களே தெரியும். ஆராய்வோன் தான் முன்னரே கொண்ட முடிவிற்கேற்ப எண்களை ஊட்டினால், அம்முடிவையே அழகிய படமாக்கித் திருப்பித் தந்துவிடும். வண்ணப் படங்களைக் கண்டு மயங்கும் நீதிமன்றத்தில் இதனால் விளையும் கேடு சிறிதன்று. பக்ஸ்டனில் மூட்டிய தீயே ஹார்வெல் கணக்கிற்குச் சான்றாயிற்று.

இலண்டன் நிலத்தடி நிலையங்களின் மரப்படிக்கட்டுகள் பின்னர் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. எஞ்சியிருந்த கடைசிப் படிக்கட்டு, 2014ஆம் ஆண்டில் கிரீன்ஃபோர்டு நிலையத்தில் ஓட்டத்தை நிறுத்தியது.