படி ஏறாவிட்டாலும் வழக்கு நடக்கும்

கோர்ட்டுப் படி ஏறியதில்லை என்று சொல்லிக்கொள்வது தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் இன்றும் ஒரு பெருமை. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. வரப்புச் சண்டையை வழக்காக்கி, மாக்கணக்கில் நிலத்தை விற்றுச் செலவழித்த கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. ஆனால் அந்தப் பெருமை காலப்போக்கில் வேறொரு நம்பிக்கையாக மாறிவிட்டது. நாம் கோர்ட்டுப் பக்கம் போகாதவரை கோர்ட்டும் நம் பக்கம் வராது என்பது அந்த நம்பிக்கை. பாபநாசம் வட்டத்தில் நிலம் வாங்குவது, பாகம் பிரிப்பது, கைமாற்று கொடுப்பது என்று எதில் கை வைத்தாலும் இது குறுக்கே வருகிறது. நீதிமன்றக் கட்டைப் பார்ப்பது வேறு, வழக்காடுவது வேறு. பார்க்காதவருக்கும் அந்தக் கட்டில் எழுதியிருப்பது பொருந்தும். இந்த வேறுபாடு புரியாததால்தான் நல்ல உரிமை உள்ளவர்கள்கூட நிலத்தை இழக்கிறார்கள்.

நிலம் வாங்குபவர் என்னென்ன பார்க்கிறார்? பட்டா, சிட்டா, மூலப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம். வில்லங்கம் சுத்தமாக இருந்தால் நிலத்தின் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். இந்த முடிவு தவறு. வில்லங்கச் சான்று என்பது சார்பதிவகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல். வழக்குத் தொடர்வதற்காக நீதிமன்றத்தில் கொடுக்கும் பிராது அங்கே பதிவாகும் ஆவணம் இல்லை. நீதிமன்றத்தின் ஜப்தி உத்தரவோ டிக்ரியோ சார்பதிவகத்துக்குப் போய்ப் பதிவானால்தான் அந்தச் செய்தி வில்லங்கத்தில் ஏறும். வழக்கு நடந்துகொண்டிருக்கும் வருஷங்கள் முழுவதும் சான்று வெள்ளையாகவே இருக்கலாம், கிரயமும் தடையின்றிப் பதிவாகலாம். ஆனால் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இன் 52-ஆம் பிரிவு, நிலுவையில் உள்ள வழக்கின் சொத்தை வாங்கியவரை அந்த வழக்கின் முடிவு கட்டுப்படுத்தும் என்கிறது. வழக்கு இருப்பது தெரியாது, முழு விலை கொடுத்தேன், நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்ற பதில்கள் இந்தப் பிரிவின் முன் நிற்பதில்லை. பட்டாவை நம்பியவருக்கும் இதே கதிதான். பட்டா வருவாய்த் துறையின் பதிவு; உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு முடிவான விடை தருவது உரிமையியல் நீதிமன்றம். 1980-களின் யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுப் பதிவில் பெயர் மாறிப்போன நிலங்கள் எத்தனை என்பது கிராம நிர்வாக அலுவலகத்தில் மனுவோடு நிற்பவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் வழக்கு இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கோர்ட்டு விவரமெல்லாம் வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும்தான் தெரியும், வெளியாளுக்குக் காட்டமாட்டார்கள் என்பது அடுத்த நம்பிக்கை. உரிமையியல் வழக்கு நடக்கும் இடம் பொதுமக்கள் வரக்கூடிய திறந்த நீதிமன்றம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 153-பி பிரிவே சொல்கிறது. 2007-இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தின் கீழ் மாவட்ட, வட்ட நீதிமன்றங்களின் வழக்கு நிலையை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் கைப்பேசியிலேயே பார்க்கலாம். மாநிலம் தமிழ்நாடு, மாவட்டம் தஞ்சாவூர், நீதிமன்ற வளாகம் பாபநாசம் என்று தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரையும் வழக்குப் பதிவான வருஷத்தையும் கொடுத்தால், வாதி யார், பிரதிவாதி யார், கடைசி வாய்தாவில் என்ன நடந்தது, அடுத்த வாய்தா எப்போது என்பதெல்லாம் வரும். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற பதினாறு இலக்க அடையாளம் உண்டு. முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், கடைசி நான்கு இலக்கம் வருஷம். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனால் இந்தத் தேடலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சர்வே எண்ணைப் போட்டுத் தேட அந்தப் பக்கத்தில் கட்டம் கிடையாது. பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டவை. சண்முகம் என்ற பெயரை ஒரு குமாஸ்தா ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதியிருப்பார். இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், இல்லாமலும் இருக்கும். ஆகவே முழுப் பெயரையும் அடிக்காமல், எழுத்து மாறாத மூன்று நான்கு எழுத்துகளைப் போட்டுத் தேடுவது நல்லது. நிலுவை, முடிந்தவை, இரண்டும் என்று மூன்று தேர்வுகள் இருக்கும். 'இரண்டும்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் முடிந்துபோன வழக்கின் டிக்ரிதான் வாங்குபவரின் கழுத்தில் விழும். காலவரையறைச் சட்டப்படி ஒரு டிக்ரியை நிறைவேற்றக் கேட்க 12 வருஷம் அவகாசம் உண்டு. நிரந்தர உறுத்துக்கட்டளைக்கு அந்த வரம்பும் இல்லை. எனவே விற்பவர் பெயரோடு நிறுத்தாமல், அவருடைய தகப்பனார், உடன்பிறந்தவர்கள், அவருக்கு முன் விற்றவர் என்று ஒவ்வொரு பெயரையும் வருஷம் மாற்றி மாற்றித் தேட வேண்டும். பாபநாசத்தோடும் நிற்கக் கூடாது. வழக்கின் மதிப்பைப் பொறுத்து அது மாவட்ட முன்சீப் நீதிமன்றத்திலோ, சார்பு நீதிமன்றத்திலோ, மாவட்ட நீதிமன்றத்திலோ இருக்கும். ஆகவே கும்பகோணம், தஞ்சாவூர் வளாகங்களையும் பார்க்க வேண்டும். பொறுமையான ஒருவருக்கு ஓர் அரைநாள் வேலை. பல லட்சம் கொடுத்து நிலம் வாங்குபவருக்கு இது பெரிய பாரமா?

இதற்கு நேரெதிரான நம்பிக்கை ஒன்றும் இப்போது பரவுகிறது. ஆன்லைனில் வரவில்லை என்றால் வழக்கே இல்லை என்பது. இதுவும் ஆபத்தானது. கணினிக்கு முந்தைய காலத்து வழக்குகள் எல்லாம் அங்கே ஏறியிருக்கும் என்று எண்ணக் கூடாது. தாக்கலாகி இன்னும் நம்பர் ஆகாத பிராதும் சுலபமாகக் கண்ணில் படாது. சந்தேகம் இருந்தால் நீதிமன்றத்திலேயே நகல் மனு போட வேண்டும். வழக்கில் கட்சிக்காரர் என்றால் சான்றிட்ட நகல் பெறுவது அவர் உரிமை. கட்சிக்காரர் அல்லாதவர், எதற்காகக் கேட்கிறார் என்று பிரமாணப் பத்திரம் போட்டு மூன்றாம் நபராக நகல் கேட்கலாம். நிலம் வாங்கப்போகிறேன் என்பது சொல்லத் தகுந்த காரணமே. கோர்ட்டுக் கட்டுக்கு ஆர்.டி.ஐ. போட்டால் சுலபம் என்று சிலர் சொல்கிறார்கள். குஜராத் உயர்நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வழக்குக் கட்டிலுள்ள ஆவணத்தை நீதிமன்ற விதிகளின்படி நகல் மனு போட்டுத்தான் பெற வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் அதற்கு வழி இல்லை.

எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்யும் நம்பிக்கை, சம்மனை வாங்காவிட்டால் வழக்கு நிற்கும் என்பது. அமீனா தெருவில் வருகிறார் என்று தெரிந்ததும் கொல்லைப்புற வழியாகப் போய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். ஆள் வாங்க மறுத்தால் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வரச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் பத்திரிகை விளம்பரம் மூலம் சார்வு செய்ய நீதிமன்றம் உத்தரவிடும். அதன்பின் பிரதிவாதி வரவில்லை என்றால் எக்ஸ்பார்ட்டி. எதிர்த்தரப்பின் சாட்சியம் மட்டும் பதிவாகி டிக்ரி ஆகிவிடும். அதை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு 30 நாள்தான் கெடு. சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால் டிக்ரி தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்கு. கதவில் ஒட்டிய தாளைக் கிழித்துப் போட்டவர் தனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? சம்மனை வாங்குவது எதையும் ஒப்புக்கொள்வதாகாது. வாங்கியவருக்குப் பிராதின் நகல் கையில் கிடைக்கிறது, பதிலுரை போட 30 நாளும், நீதிமன்றம் நீட்டித்தால் மொத்தம் 90 நாள் வரையிலும் கிடைக்கிறது. வாங்காதவருக்கு எதுவும் கிடைப்பதில்லை.

இனி வழக்குத் தொடர்வது. நிலம் எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குள் உள்ள நீதிமன்றத்தில்தான் நிலத்தைப் பற்றிய வழக்கு. ஆனால் டெல்டாவில் நிலம் என்றாலே முன்சீப் கோர்ட்டு என்று நினைப்பது தவறு. இங்கே வயல்களில் பெரும்பகுதி குத்தகையில் நடக்கிறது. அதிலும் கோயில், மட நிலங்கள் ஏராளம். தஞ்சை மாவட்டத்துக்கென்றே 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-இல் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்த 1955 சட்டப்படி, பாதுகாப்புள்ள குத்தகைதாரரை வெளியேற்றக் கேட்க வேண்டிய இடம் வருவாய்க் கோட்ட அலுவலர் நிலையிலுள்ள வருவாய் நீதிமன்றம். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாலும், பிரதிவாதி சாகுபடி குத்தகைதாரர் என்று தெரிந்தால் வழக்கை அங்கே மாற்ற வேண்டும் என்கிறது 6-ஏ பிரிவு. குத்தகைப் பதிவு சம்பந்தமான தகராறுகளுக்கு 1969-இன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் தனி அதிகாரியை வைத்திருக்கிறது. தவறான கதவைத் தட்டினால் நாலைந்து சம்பா கடந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். அரசை எதிர்த்து வழக்கு என்றால் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டியதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

செலவைப் பற்றிய பயம் பெரியது, ஆனால் அதில் பாதி பழைய கணக்கு. பணம் கேட்கும் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு ஏழரை ரூபாய் என்று இருந்ததை 2017-இல் தமிழக அரசு மூன்று ரூபாயாகக் குறைத்தது. இரண்டு லட்ச ரூபாய் புரோநோட்டுக்கு முன்பு 15,000 ரூபாய் ஸ்டாம்பு கட்ட வேண்டியிருந்தது, இப்போது 6,000. பாகப்பிரிவினை வழக்கில் இன்னும் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. கூட்டு அனுபவத்தில் இருப்பவர் தன் பாகத்தைக் கேட்டால் நிலத்தின் விலையில் சதவீதம் கட்ட வேண்டியதில்லை, நிலையான கட்டணம்தான். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் கேட்கும்போதுதான் பாகத்தின் மதிப்பு கணக்கில் வரும். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லும் மத்திய அரசு 2005-லும் உரிமை கொடுத்து, 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்திய பிறகும், கட்டணத்துக்கு எங்கே போவது என்று எத்தனையோ பெண்கள் பேசாமல் இருக்கிறார்கள். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. நீதிமன்றத்தில் இயங்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் போதும். கட்டணம் கட்டவே வழியில்லாதவர் பாப்பர் மனுவோடு வழக்குத் தொடரலாம். வக்கீல் இல்லாமல் தானே நடத்தவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் பிராதை எழுதுவதற்கு வக்கீல் வேண்டும் என்பது என் கருத்து. எல்லை விவரத்தை விட்டுவிடுவது, விளம்புகை கேட்க வேண்டிய இடத்தில் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்பது போன்ற பிழைகளைப் பின்னால் திருத்துவது கடினம்.

இவ்வளவும் சரி, வழக்கு ஒரு தலைமுறை இழுக்கிறதே, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்ப்பதுதானே உத்தமம் என்று கேட்பார்கள். தாமதம் உண்மை, அதை மறுக்க எனக்கு வாயில்லை. அந்தத் தாமதத்தால்தான் கட்டைப் பார்ப்பது அவசியமாகிறது: வழக்கு நீளும் அத்தனை வருஷமும் அந்த நிலம் கைமாறிக்கொண்டே இருக்க முடியும். பேசித் தீர்ப்பது உத்தமம் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் பஞ்சாயத்து நடக்கும் நாள்களில் காலவரையறைக் கடிகாரம் நிற்பதில்லை. காவல் நிலையத்தில் கொடுத்த புகாரும், கலெக்டரிடம் குறைதீர் நாளில் கொடுத்த மனுவும் அதை நிறுத்துவதில்லை. புரோநோட்டுக்கு மூன்று வருஷம். அடுத்த அறுவடைக்குத் தருகிறேன், அதற்கடுத்த அறுவடைக்குத் தருகிறேன் என்று வாய்ப்பேச்சில் அது ஓடிவிடும். கெடு முடிவதற்குள் கடன்காரர் கையெழுத்தோடு கடனை ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கிடைக்கும். பெரியவர்கள் முன்னிலையில் சமாதானம் ஆனால், அதை மக்கள் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகலாம். வழக்குப் போடாத தகராறையும் வட்டக் குழு மூலம் அங்கே வைக்கலாம், கட்டணம் கிடையாது. அங்கே பதிவாகும் சமரசத்துக்கு டிக்ரியின் பலம் உண்டு, அதன்மேல் மேல்முறையீடும் இல்லை. ஏற்கெனவே வழக்குப் போட்டுவிட்டவர், கட்டிய ஸ்டாம்புப் பணம் போய்விடுமே என்று சமாதானத்துக்குத் தயங்க வேண்டியதில்லை. அது திரும்பக் கிடைக்கும். கோர்ட்டு அனுப்பாமல் தாங்களாகவே வெளியே பேசித் தீர்த்துக்கொண்டவர்களுக்கும் திருப்பித் தர வேண்டும் என்று, சென்னை உயர்நீதிமன்ற நிர்வாகம் கொண்டுபோன மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதற்கு வேண்டியது, சமாதானம் ஆனதை நீதிமன்றத்தில் எழுத்தில் தெரிவித்து, கட்டணத்தைத் திரும்பக் கேட்டு ஒரு மனு.