ஈர்க்கு நட்சத்திரம்

பட்டாபிராம்,
டிசம்பர் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ "சரி பெரியம்மா, சரி பெரியம்மா" என்பாய். வைத்த மறுநிமிடம் மறந்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் ரயிலில் வரும்போதாவது படிப்பாய்.

என் முழங்கால் இந்த வருடம் மாடிப்படி ஏறவிடாது. அதனால் நம் மொட்டைமாடி கிறிஸ்துமஸ் பார்ட்டியில் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுப்பது உன் பொறுப்பு. 21-ம் தேதி, ஞாயிறு, மாலை 4 மணி. சண்டே கிளாஸ் பிள்ளைகள், தெருப் பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 25 பேர். சின்னதுக்கு 3 வயது, பெரியதுக்கு 12. தெருவில் பாதி வீடுகளில் கிறிஸ்துமஸ் கிடையாது, ஆனால் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். ஒரே வேலையை எல்லோருக்கும் கொடுத்தால் சின்னது அழும், பெரியது கீழே ஓடிவிடும்.

என் முதல் வருடக் கதையைக் கேள். பேப்பர் தட்டில் கிறிஸ்துமஸ் தாத்தா முகம், அதற்குப் பஞ்சுத் தாடி. புத்தகத்தில் பார்க்க அழகாக இருந்தது. 32 பிள்ளைகளுக்கு ஃபெவிகால் டப்பா இரண்டுதான். ஒவ்வொருவரும் தாடிக்குத் தாராளமாகப் பசை ஊற்றினார்கள். டிசம்பர் ஈரக்காற்றில் அது காயவே இல்லை. சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனைப் போட்டேன். பஞ்செல்லாம் எழும்பிப் பறந்தது. போதாக்குறைக்கு மழை. பிள்ளைகள் தட்டைத் தலைக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். மறுநாள் காலையில் தெரு முழுக்க நனைந்த தாடி.

அன்றிலிருந்து எந்தக் கைவேலையை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: பிள்ளை கையிலிருந்து இறங்கிய நிமிடமே அதை எடுத்துக்கொண்டு போக முடியுமா? முடியாது என்றால் வேண்டாம். பஞ்சைப் பனி என்று ஒட்டுவது எனக்கு அப்போதிருந்தே பிடிக்காமல் போனது. பட்டாபிராமில் யார் பனி கொட்டிப் பார்த்தார்கள்?

பிள்ளைகள் ஒரே நேரத்துக்கு வரமாட்டார்கள். 4 மணி என்றால் 3:30-க்கே நாலு பேர் நிற்பார்கள், கடைசி ஆள் 5 மணிக்கு வரும். அதுவரை வந்தவர்களைச் சும்மா உட்காரவைக்காதே. அதற்குத்தான் கைநாட்டு வேலை. தபால் ஆபீஸில் 25 போஸ்ட் கார்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று 50 காசு, மொத்தம் 12 ரூபாய் 50 காசு. இந்தக் காலத்தில் இந்தப் பணத்துக்கு 25 பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்த வேறு என்ன கிடைக்கும் சொல். கார்டின் வெற்றுப் பக்கத்தில் பேனாவால் தொய்வாக ஒரு கோடு போடு, அதுதான் ஒயர். அதன்மேல் பிள்ளை ஸ்டாம்ப் பேடில் கட்டைவிரலைத் தொட்டு வரிசையாக வைத்துக்கொண்டே போகட்டும். சீரியல் பல்பு ரெடி. 3 வயசுப் பிள்ளையும் செய்யும், உடனே காயும். சிவப்பு, பச்சை, ஊதா என்று மூன்று பேட் வாங்கியிருக்கிறேன். அடுத்த பக்கத்தில் தன் வீட்டு விலாசத்தைத் தானே எழுதட்டும். 600 072 என்று பின்கோடு எழுதத் தெரியாத பெரிய பையன்களும் இருக்கிறார்கள், பார்த்துக்கொள். மறுநாள் எல்லாவற்றையும் தபால்பெட்டியில் போட்டுவிடு. தன் பெயருக்குத் தபால் வருவதை இந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசி பேர் பார்த்ததே கிடையாது. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல். போன வருடம் ஒருத்தி கழுவாமல் போய் அவள் பாட்டியின் வெள்ளைச் சேலையில் பல்பு போட்டுவிட்டாள்.

எல்லோரும் வந்த பிறகு நட்சத்திரம். இதுதான் பார்ட்டியின் மெயின். கவனமாகப் படி.

கடையில் விற்கிற பெரிய மூங்கில் நட்சத்திரம் எப்படி உப்பி நிற்கிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறாயா? மூங்கில் சிம்பை வளைத்தெல்லாம் செய்வதில்லை. தட்டையான இரண்டு நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, நடுவில் ஐந்து சின்னக் குச்சிகளை முட்டுக்கொடுப்பார்கள். அவ்வளவுதான் சூட்சுமம். அதையே நாம் தென்னை ஈர்க்கில் சின்னதாகச் செய்கிறோம். ஆவடி மார்க்கெட்டிலிருந்து புதுசாக இரண்டு கட்டு வாங்கி வந்திருக்கிறேன். பிள்ளைகளிடம் "ஈர்க்கு" என்று மட்டும் சொல். நான் முதல் தடவை "விளக்குமாறு" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுப் பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஏசு பிறந்ததுக்கு விளக்குமாத்துக் குச்சியிலயா நட்சத்திரம் கட்டுவே?" என்றார்கள். அவர்கள் வீட்டில் பிள்ளையார் படம்தான், ஆனால் கோபம் நம் ஏசுவுக்காக.

ஈர்க்கின் அடிப்பக்கத் தடிமனான பாகத்தில் ஓர் அடி ஸ்கேல் நீளத்துக்கு நறுக்கினால், ஒரு நட்சத்திரத்துக்கு 10 வேண்டும். கையை எடுக்காமல் நோட்டில் நட்சத்திரம் போடுவாயே, அதே வழியில் ஐந்து குச்சியை அடுக்கி, முனைகளைப் பூக்கட்டும் நூலால் கட்டினால் ஒரு தட்டை நட்சத்திரம். நடுவே குச்சிகள் ஒன்றை ஒன்று வெட்டும் இடங்களில் கட்டவேண்டாம். ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகக் கோத்தாலே நிற்கும். இப்படி 50 தட்டை நட்சத்திரங்களை நானும் உன் அம்மாவும் டிவி பார்த்துக்கொண்டே கட்டி முடித்துவிடுவோம். பார்ட்டியில் பிள்ளையிடம் கொடுக்கவேண்டியது இரண்டு தட்டை நட்சத்திரம், ஐந்து ரப்பர் பேண்ட், இரண்டு அங்குல முட்டுக்குச்சி ஐந்து. முனைக்கு முனை சரியாக வைத்து ரப்பர் பேண்ட் சுற்றுவது முதல் வேலை. அதைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய பிள்ளைகள் செய்து கொடுக்கட்டும்.

முட்டுக்குச்சியை மட்டும் அந்தந்தப் பிள்ளையே வைக்கவேண்டும். முன்னும் பின்னும் இருக்கிற ஈர்க்குகளை இரண்டு விரலால் விலக்கி, வெட்டும் இடத்தில் குச்சியை நிறுத்தவேண்டும். முதல் குச்சி நிற்காது, விழும். இரண்டாவதை வைத்தால் முதலாவது நழுவும். பிள்ளை உன் முகத்தைப் பார்க்கும். "கொடு, நான் வெச்சுத் தரேன்" என்று வாய்வரைக்கும் வரும், கை தானாக நீளும். நீட்டாதே பாப்பா. கையைப் பின்னால் கட்டிக்கொள். மூன்றாவதுக்கு மேல் ஈர்க்குகளே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாவது உள்ளே போனதும் தட்டையாகக் கிடந்தது சட்டென்று வயிறு உப்பி எழுந்து நிற்கும் பார், அந்த நேரம் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் இத்தனை வருடம் இந்த மாடி ஏறினேன். அதை நாமே வைத்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் அது கடையில் வாங்கின சாமான்தான்.

நாலு முனை மட்டும் சேர்ந்து, ஒரு பக்கம் கோணிக்கொண்டு முடித்தாலும் திருத்தாதே. அம்மாக்கள் சிலர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வருவார்கள். அவர்களுக்குக் கேக் வெட்டும் வேலை கொடுத்துவிடு.

பள்ளிக்கூட வேலையாகப் பிறந்த நட்சத்திரம் ஒன்று உண்டு தெரியுமா? ஜெர்மனியில் நீஸ்கி என்று ஓர் ஊர். மொராவியன் சபைக்காரர்கள் நடத்திய ஆண்பிள்ளைகள் பள்ளி அங்கே இருந்தது. 1830-களில் வடிவியல் பாடத்துக்காகப் பிள்ளைகள் காகிதத்தில் பல முனை நட்சத்திரம் செய்தார்கள். அதுதான் வளர்ந்து இன்று உலகம் முழுக்கத் தொங்குகிற மொராவியன் நட்சத்திரம். அதே சபைக்காரர்கள் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டு வாழ்ந்தவர்கள், 1803-ல் கிளம்பிவிட்டார்கள். நட்சத்திரம் அதற்குப் பிறகு பிறந்ததால் அதை நமக்குக் கொண்டுவந்து கொடுக்க அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று. கணக்கு வாத்தியார் ஒருவர் கொடுத்த வேலை கிறிஸ்துமஸ் அலங்காரமானது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பாக வரும், நான் கணக்கில் 36 வாங்கினவள்.

நம் நட்சத்திரத்துக்குக் காகிதம் ஒட்டுவது முன்பக்கம் மட்டும் போதும். பட்டம் செய்கிற மெல்லிய கலர்த்தாள் வாங்கியிருக்கிறேன். ஈர்க்கின்மேல் மட்டும் பசை தடவி, தாளின்மேல் கவிழ்த்துவை. ஓரத்தை வீட்டில் போய் வெட்டிக்கொள்ளட்டும், ஈரத்தில் வெட்டினால் கிழியும். பசை மைதாப் பசைதான். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கண்ணாடி போல ஆகும்வரை கிளறவேண்டும். அன்று காலையில் கிளறிக்கொள், பழசானால் புளித்து நாறும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், நமக்கு வேண்டவே வேண்டாம். விரலை வாயில் வைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஃபேன் கூடாது என்று இன்னொரு தரம் சொல்லவேண்டியதில்லை. சமோசாவும் கேக்கும் எல்லாம் முடிந்த பிறகுதான். எண்ணெய்க் கை பட்ட தாளில் பசை பிடிக்காது.

மினுமினுப்பு கேட்பார்கள். ஜிகினாத்தூள் வேண்டாம், அது பொடிப்பிளாஸ்டிக். ஐரோப்பாவில் 2023-ல் உதிரியாக விற்பதையே தடுத்துவிட்டார்கள். மார்கழிக் கோலத்துக்கு வாங்கிய கலர்ப்பொடி வீட்டில் இருக்கிறது, பசைமேல் ஒரு சிட்டிகை தூவினால் போதும். கண்ணைக் கசக்காமல் மட்டும் பார்த்துக்கொள். தெர்மாகோலும் வாங்கி வராதே. அலங்காரத்துக்குத் தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. தடை இல்லாவிட்டாலும் அதை அறுக்கும் சத்தம் எனக்குப் பல் கூசும்.

கடைசி வேலை கொட்டாங்குச்சிக் குடில். இதில் பாதியை நான் இன்றைக்கே தொடங்கிவிட்டேன். அக்டோபரிலிருந்து சேர்த்த 25 கொட்டாங்குச்சிகளில் கண் துளைத்து, தேங்காய் நாரும் மண்ணும் நிரப்பி, ராத்திரி ஊறவைத்த கேழ்வரகைத் தூவியிருக்கிறேன். நீ வரும்போது விரல் நீளத்துக்குப் பச்சைப்பசேல் என்று நிற்கும். கீழ்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "என்னங்க, கிறிஸ்துமஸுக்கு முளைப்பாரி போடறீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

அந்தப் பயிருக்கு நடுவே ஐஸ் குச்சியில் ஒரு சாய்ப்பு, வேர்க்கடலை ஓட்டில் பாதியைத் தொட்டிலாக வைத்து உள்ளே துணித்துண்டைச் சுருட்டிப் பாலன். பட்டன், மணி எதுவும் வேண்டாம், சின்னது விழுங்கிவைக்கும். மற்றதெல்லாம் பிள்ளைகள் இஷ்டம். பிரான்சிஸ் அசிசியார் 1223-ல் கிரேச்சோ என்ற ஊரில் முதன்முதலாகக் குடில் வைத்தபோது நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி வைக்கோல் போட்டாராம். அவர் அந்த ஊரில் என்ன கிடைத்ததோ அதை வைத்தார். நம் பிள்ளைகளும் அப்படித்தான். எருமை வரும், நாய் வரும், போன வருடம் ஒரு குடிலில் எலெக்ட்ரிக் ட்ரெயின்கூட வந்தது.

ஒரு பையன் தீப்பெட்டியில் மஞ்சள் தாள் ஒட்டி, சட்டைப் பட்டனை யாருக்கும் தெரியாமல் பிய்த்துச் சக்கரம் வைத்து, குடில் வாசலில் நிறுத்தியிருந்தான். "இது என்னடா?" என்றேன். ஷேர் ஆட்டோவாம். மூன்று ஞானிகளும் அதில்தான் வந்தார்களாம். "ஒட்டகம் எங்கேடா?" என்றதற்கு, "ஞானிங்க கிழக்கேருந்துதானே ஆன்ட்டி வந்தாங்க? நமக்குக் கிழக்கே ஆவடி. ஆவடியிலேருந்து எவன் ஒட்டகத்துல வருவான்?" என்றான்.

அவன் இந்த வருடமும் வருவான். ஒரு தீப்பெட்டியை அவனுக்காக எடுத்து வைத்திருக்கிறேன், குச்சியெல்லாம் எடுத்துவிட்டு. நீ வரும்போது கோயம்புத்தூரிலிருந்து நல்ல கத்தரிக்கோல் ஆறு, முனை மழுங்கினதாகப் பார்த்து வாங்கி வா. இங்கே இருப்பது தையல் கத்தரிக்கோல், அதைப் பேப்பரில் போட உன் அம்மா விடமாட்டாள்.

பிரியமுள்ள,
பெரியம்மா