சான்றும் சட்டத்தரணியும்

பாண்டியன் அவையிற் கண்ணகி வழக்குரைத்தபோது அவள் கையிலிருந்த சிலம்பே சான்றாயிற்று. சிலம்பை எவரும் அச்சுறுத்தல் இயலாது. ஊரைவிட்டு ஓட்டுதலும் இயலாது. இக்கால வழக்குகளோ பெரும்பாலும் மனிதர் வாய்ச்சொல்லை நம்பி நிற்பன. அம்மனிதர் அஞ்சின் வழக்கு வீழும். ஆதலின், சாட்சியின் அச்சத்தைப் போக்குதல் சட்டத்தரணிகளின் பொதுக்கடமைகளுள் தலையாயது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இதற்கு நமது நகரே சான்று பகரும். 2006ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையிற் காந்தி சிலைக்கு அண்மையில் தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்று முதலிற் கூறப்பட்டது; உடல்களிற் காணப்பட்டவையோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். அவற்றைப் படம்பிடித்து உலகறியச் செய்த பத்திரிகையாளர் சுகிர்தராஜன் அம்மாதம் 24ஆம் நாளிற் சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சி கூறவல்லார் பலர் நாட்டை விட்டு நீங்கினர். 2013ஆம் ஆண்டில் விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட பதின்மூவர் கைதாயினர். ஆயினும் 2019ஆம் ஆண்டு யூலை 3ஆம் நாள், போதிய சான்று இல்லையென நீதவான் நீதிமன்று அனைவரையும் விடுவித்தது.

சான்றின்றி எவரையும் தண்டித்தல் நீதியன்று. எதிரிக்காகத் தோன்றும் சட்டத்தரணியும் தம் கடமையையே செய்கின்றார். அவ்வுரிமையை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை யாவர்க்கும் அளிக்கின்றது. நாம் வினவவேண்டியது வேறொன்று: பதின்மூன்று ஆண்டுகளாகியும் சான்று மன்றை அடையாதது ஏன்? சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015ஆம் ஆண்டிலேயே பிறந்தது. 2023ஆம் ஆண்டிற் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. சட்டம் ஏட்டில் இருந்தாற் போதாது. அதன் பயனை மன்றிலே கேட்டுப் பெற்றுக்கொடுத்தல் சட்டத்தரணியின் பணியாம்.

அச்சத்தோடு அறியாமையும் நீதிக்குத் தடையாகும். அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தை அடைதல் வேண்டும். கப்பல்துறையிற் கூலிவேலை செய்து வாழும் ஒருவர் அதனை அறிவதற்குள் அம்மாதம் கழிந்துவிடும். அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் அவ்வெல்லையிற் கணக்கிடப்படாது. 1978ஆம் ஆண்டிற் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவும் வறியோர்க்கு உண்டு. இவற்றைச் சிற்றூர் தோறும் சென்று தமிழில் எடுத்துரைப்பதற்கு மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குதல் இயலாததொன்றோ?

இப்பணியில் இடர் இல்லையெனல் பொய்யாகும். சட்டத்தரணி குமார் பொன்னம்பலம் 2000ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் கொழும்பிற் சுட்டுக் கொல்லப்பட்டமையை யாரே மறப்பர்? தனியொருவராய் நிற்பவரை வீழ்த்துதல் எளிது. சங்கமாய் நிற்பவரை வீழ்த்துதல் அரிது. பிறக்கிராசியார், அப்புக்காத்து என்னும் வேறுபாடு 1974ஆம் ஆண்டில் நீங்கி, யாவரும் சட்டத்தரணி என ஒரு பெயர் பெற்றனர். பெயரால் ஒன்றானவர் கடமையாலும் ஒன்றாதல் வேண்டும்.

நம் கல்லூரியினின்று சட்டம் பயிலச் செல்லும் இளைஞர்காள்! கறுப்பு அங்கியை வருவாய்க்கு மட்டும் அணியாதீர். அஞ்சி நிற்கும் ஒரு சாட்சி உம்மை நோக்கித் துணிவு பெற்று வாய்திறப்பானாயின், அதுவே உமது கல்விக்குக் கிடைத்த பெரும்பேறு.