மிகுபாரம் ஏற்றல்

கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களை நாம் இளமையிலேயே மனனம் செய்கின்றோம்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், ஊண் நீர் மறுத்தல். மாட்டுவண்டி அருகிவிட்ட இந்நாளில் நான்காவது நமக்கில்லை எனக் கருதுவோர் உளர்.

2015 ஏப்ரல் 25-இல் நேபாளத்தில் நிலம் நடுங்கிற்று. கோர்க்கா முதலிய மாவட்டங்களில் மலைப்பாதைகள் சரிந்தன. உலக உணவுத் திட்டத்தார் சுமையாட்களையும் கோவேறு கழுதைகளையும் கொண்டு மலையூர்களுக்கு உணவு அனுப்பினர். இஃது ஆகாரதானமே. எனினும், அப்பால் பசித்திருப்போரை எண்ணுங்கால் இன்னுமொரு மூட்டையை ஏற்றவே கை எழும். நன்னோக்கம் அதிசாரத்தை நீக்காது என்பதே நாம் ஈண்டு அறியத்தக்கது. உடல் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே குதிரையினத்திற்குத் தக்க சுமை என்பர் வல்லுநர் பலர். செங்குத்தான ஏற்றத்தில் அதனினும் குறைத்தல் வேண்டும். சேணத்தின் கீழுள்ள புண், சுமையை இறக்கினாலன்றிக் கண்ணுக்குப் புலனாகாது.

ஐந்தாம் அதிசாரமோ கைநீட்டாமலே நிகழ்வது. 2013 ஜூன் வெள்ளத்தில் உத்தராகண்டத்து யாத்திரிகர் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர். அவர்களைச் சுமந்த கோவேறு கழுதைகள் பல, பாலங்கள் அழிந்தமையால், மலையிலேயே தீவனமின்றி நின்றன. விலங்கு நலத் தொண்டர் சிலர் பின்னர் அவற்றிற்குத் தீவனம் கொண்டு சென்றனர்.