பழந்துப்பாக்கிகளில் துரு நீக்கத்தின் எல்லை

வட இந்தியாவிலும் இராஜஸ்தானத்திலும் ஆளப்பட்ட திரித் துப்பாக்கிகள் பல, இன்று துருவேறிய நிலையில் காட்சிச் சாலைகளிலும் பழைய மாளிகைகளிலும் உள்ளன. அவற்றை உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளக்கச் செய்ய விழைவது இயல்பே. ஆயினும், பழம்பொருளைக் காத்தல் வேறு. அதனைப் புதியதாக்குதல் வேறு.

முதற் சோதனை: இத்தகைய துப்பாக்கிகளில் மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே தங்கியிருத்தல் உண்டு. கருமருந்து நெடுங்காலம் கழிந்த பின்னரும் தீப்பற்றக்கூடும். எனவே, குழல்வாய்க்கு எதிரே நில்லாது, ஒரு மரக்குச்சியை மெல்ல உட்செலுத்தி, அது சென்ற நீளத்தைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிடுதல் வேண்டும். தீ செல்லும் சிறு துளையை எட்டுமுன் குச்சி தடைப்படின், மேற்கொண்டு தொடாமல் காவல் துறைக்கு அறிவித்தல் வேண்டும்.

துருவின் வகை: எல்லாத் துருவும் பகையன்று. கருமையாகவோ பழுப்பாகவோ இறுகப் படிந்த துரு, உள்ளிருக்கும் இரும்பை ஓரளவு காக்கிறது. செம்மஞ்சள் நிறத்தில் பொடியாக உதிர்வதும், ஈரக் காற்றில் நீர்த்துளி கசிவதும் அரிப்பு தொடர்வதன் அடையாளங்கள். பின்னதற்குப் பெரும்பாலும் குளோரைடு உப்புகளே காரணம்.

இழக்கப்படுவன: இரும்பும் எஃகும் முறுக்கி இணைத்த குழல்களில் அலைபோன்ற வரிகள் தோன்றும். கோப்த்கரி வேலையில், கீறிய பரப்பின்மீது மெல்லிய பொற்கம்பி அடித்துப் பதிக்கப்படும். பிகானேர் அரச படைக்கலங்கள் பலவற்றில் புள்ளிகளால் பொறித்த தேவநாகரிக் குறிப்புகள் உண்டு. இவை யாவும் மேற்பரப்பிலேயே உள்ளன. உப்புத்தாள் துருவோடு இவற்றையும் அகற்றிவிடும். அகன்றதை எவரும் மீட்க இயலாது.

செய்யத்தக்கன: கையுறை அணிந்து, மென்தூரிகையால் தூசு நீக்குக. உதிரும் துருவை மூங்கிற் சிம்பினால் மட்டும் எடுக்க; பொன் வேலையுள்ள இடத்தை நிபுணருக்கு விடுக. உலர்ந்த இரும்பின்மீது நுண்படிக மெழுகு மெல்லிதாகப் பூசுக. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது. அது விட்டுச் செல்லும் குளோரைடு மீண்டும் துருவை விளைக்கும். மரக்கட்டையில் எண்ணெய் ஊற்றுதலும் தவிர்க்கத்தக்கது. வேலைக்கு முன்னும் பின்னும் படமெடுத்துப் பதிவேட்டில் குறித்தல் இன்றியமையாதது.

அரிப்பு நின்ற இடத்தில் கையும் நிற்றல் வேண்டும். குறைந்த உறுப்புக்குப் புதியது பொருத்த நேரின், அது கழற்றத்தக்கதாகவும் புதியதென அறியத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். மங்கிய துப்பாக்கி தன் வரலாற்றைக் கூறும். மெருகிட்டதோ மெருகிட்டவரின் கைவேலையை மட்டுமே கூறும்.